ரெண்டு போல்ட் வேலைதான், ஆனால் மேலே மூன்று டன் நிற்கிறது

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயது வேன் உரிமையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரே ஓட்டுகிறார். டாடா 407 சேஸில் பாடி கட்டிய 18 சீட் வேன், 11 வருடம் ஓடியது. ஆர்.சி.யில் வெற்று எடை 3,050 கிலோ. கோயில் சவாரி, கல்யாண சவாரி, வெள்ளிக்கிழமைகளில் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் என்று வண்டி ஓயாமல் ஓடுகிறது.

ஆறு மாதமாக வண்டி துள்ளுகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் மூன்று நான்கு தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறதாம். பின்பக்கம் இடது புறம் இரண்டு விரல் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. முன் டயர்களில் மேடு பள்ளமாகத் தேய்மானம். போன வருடம் பில் இல்லாமல் வாங்கிப் போட்ட இரண்டு ஷாக்கும் (ஷாக் அப்சார்பர், வண்டியின் துள்ளலை அடக்கும் பாகம்) நான்கே மாதத்தில் எண்ணெய் கக்கிவிட்டன, கடைக்காரர் கைவிரித்துவிட்டார். இப்போது ஒர்க் ஷாப்பில் நான்கு ஷாக், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் கேட்கிறார்கள். பொருளை மட்டும் வாங்கினால் 6,800 ரூபாய்தான். பாலிடெக்னிக் படிக்கும் 17 வயது மகன் வீடியோ பார்த்துவிட்டு, "நாமளே மாத்திடலாம்ப்பா" என்கிறான். மனைவி பயப்படுகிறார். இரண்டு மாதத்தில் எஃப்.சி. (தகுதிச் சான்று ஆய்வு) வருகிறது. "ரெண்டு போல்ட் வேலைக்கு எதுக்கு சார் அவ்வளவு காசு? வாசல்லயே ஜாக்கி போட்டுத் தூக்கி மாத்தலாமா?" என்று கேட்கிறார். வண்டியின் அடியில் எடுத்த நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

ரெண்டு போல்ட் வேலை என்று நீங்கள் சொன்னது சரிதான். ஷாக்குக்கு மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் கழற்றி மாட்டலாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு அடியில் கிடந்தவன் நான். ஷாக் மாற்றும்போது அடிபட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒருவருக்குக்கூட ஷாக்கால் அடிபடவில்லை. வண்டியைத் தூக்கியதால்தான் அடிபட்டது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்த வார்த்தை "ஜாக்கி". அதற்கு முன்னால் அந்த இடது பக்கச் சாய்வைப் பேசிவிடுவோம். உண்மையில் அவசரம் அதில்தான் இருக்கிறது.

சாய்வது ஷாக்கால் அல்ல

ஷாக் போனதால் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் வண்டியில் எடையைச் சுமப்பது பட்டை, அதாவது இரும்புத் தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பட்டை ஆடுகிற ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது, ஆட்டம் அங்கே சூடாக மாறி வெளியேறுகிறது. பழைய ஷாக் ஒன்றை நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள், மெதுவாக உள்ளே போய்விடும். நீங்கள் கையால் அமுக்கிவிடுகிற பொருள் மூன்று டன்னை எப்படித் தாங்கும்? நான்கு ஷாக்கையும் கழற்றிவிட்டாலும் உங்கள் வேன் நிற்கும் உயரம் மாறாது.

ஆகவே துள்ளல் ஷாக்கின் குறை, சாய்வு பட்டையின் குறை. உங்களிடம் இரண்டு நோய் இருக்கிறது. 11,500 ரூபாய் சொன்ன ஒர்க் ஷாப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் டயர்களில் காற்றைச் சமமாக்கி, ஆளும் பாரமும் இல்லாமல் அளந்து பாருங்கள். பின் ஆக்சில் குழாயின் மேல் விளிம்பிலிருந்து சேஸின் அடிவிளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வையுங்கள். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பாருங்கள், குறிப்பாகப் பட்டையை ஆக்சிலோடு சேர்த்து யூ போல்ட் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். பழைய விரிசலுக்குள் துரு ஓடியிருக்கும், புதிய விரிசல் உடைத்த இரும்பு மாதிரிச் சாம்பல் நிறத்தில் மின்னும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் இரண்டாம் பட்டையின் நுனி கிளிப்பைத் தாண்டி ஒரு பக்கமாக நகர்ந்திருப்பது போலத் தெரிகிறது. படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

அதைவிட எனக்குப் பயம் சென்டர் போல்ட். பட்டைகளை ஒன்றாகக் கோத்து, ஆக்சிலில் அதன் இடத்தில் உட்கார வைப்பது அந்த ஒற்றை போல்ட்தான். அது அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் முன்னாலோ பின்னாலோ நகரும், வண்டி நண்டு மாதிரிக் கோணலாக ஓடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடதும் வலதும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரல் வித்தியாசம் இருந்தாலும் வண்டியை வாசலை விட்டு எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். கொல்லிமலை அடிவாரக் காரவள்ளியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் எடை வெளிப்பக்கப் பட்டையில்தான் போய் விழுகிறது. இறங்கும்போது பிரேக்கும் சேர்ந்துகொள்ளும்.

"எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு சொருகிடு, சாய்வு போயிடும்" என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உடைந்த பட்டை உடைந்தபடியே உள்ளே இருக்கும். வண்டி விறைத்துப் போகும். அந்த விறைப்புக்கு ஏற்ற ஷாக் உங்கள் வண்டியில் கிடையாது. பட்டையைக் கழற்றி மாற்றுவதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. வளைத்துக் கட்டிய இரும்பு அது, யூ போல்ட்டைத் தவறான நேரத்தில் தளர்த்தினால் உதைக்கும். நாமக்கல்லில் லாரி பட்டை பார்க்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அது அவர்கள் வேலை.

எந்த ஷாக் செத்துவிட்டது?

பம்பரில் அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை காருக்குச் சரி. மூன்று டன் வேனை நீங்களும் மகனும் சேர்ந்து அழுத்தினாலும் பட்டை அசையாது. கையால் தொட்டுப் பார்க்கும் சோதனைதான் நம்பகமானது. மேடு பள்ளமான சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். நிறுத்திய உடனே, பக்கத்தில் இருக்கும் சேஸ் இரும்பை முதலில் தொட்டுப் பாருங்கள். பிறகு புறங்கையை ஷாக்கின் அடிப்பகுதிக்கு அருகில் கொண்டுபோய், சூடு பொறுக்கும் என்றால் மட்டும் லேசாகத் தொடுங்கள். வேலை செய்கிற ஷாக் சேஸைவிட நன்றாகச் சூடேறியிருக்கும். சேஸும் ஷாக்கும் ஒரே சூட்டில் இருந்தால் அந்த ஷாக் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து மங்கலாக இருந்தால் அது கோளாறு அல்ல, சீலிலிருந்து அந்த அளவுக்கு ஈரம் வருவது வழக்கம். உடம்பு முழுக்க நனைந்து, கீழ்க் கண்ணில், அதாவது கீழ்ப் போல்ட் நுழையும் வளையத்தில், சொட்டு நின்றால் அது லீக். உங்கள் முதல் படத்தில் முன் ஷாக் இரண்டும் அப்படித்தான் நனைந்திருக்கின்றன. முன் டயரின் மேடு பள்ளத் தேய்மானமும் இதோடு பொருந்துகிறது: அடங்காமல் துள்ளுகிற சக்கரம் சாலையை விட்டுவிட்டுத் தொடும், டயரும் விட்டுவிட்டுத் தேயும். துள்ளும் டயருக்குப் பிரேக் பிடிப்பும் குறைவு.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் துள்ளினால் வளைவில் ஸ்டியரிங் இழுக்கும். பெரிய லாரி ஷாக் வாங்கிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ஷாக்குக்கு மூடிய நீளம், நீட்டிய நீளம் என்று இரண்டு அளவு உண்டு. மூடிய நீளம் கூடிப்போனால், பட்டை முழுதாக அமுங்கும்போது ஷாக் முட்டி, மேல் பிராக்கெட்டையே பெயர்த்துவிடும். உங்கள் சேஸ் மாடலுக்குக் கம்பெனி சொல்லும் பாக எண்ணையே வாங்குங்கள்.

வீட்டில் செய்யலாமா? என் முடிவு

முன் ஷாக் இரண்டையும் வீட்டில் செய்யலாம். பின் ஷாக் வேண்டாம்.

பின்பக்கம் எப்படியும் பட்டைக்காகப் பட்டறைக்குப் போகிறது. பட்டையைக் கழற்றும்போது அவர்களே ஷாக்கின் கீழ்ப் போல்ட்டை எடுத்தாக வேண்டியிருக்கும். புதிய ஷாக்கை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அதற்குத் தனியாகப் பெரிய கூலி கேட்க நியாயமில்லை, முன்கூட்டியே பேசிவிடுங்கள். தவிர, படத்தில் பின் ஷாக்கின் மேல் போல்ட் சேஸுக்கும் ஸ்டெப்னி கேரியருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதில் ஸ்பேனர் போட நீங்கள் முழுதாக அடியில் போக வேண்டும். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டால் சக்கர வளைவுக்குள் கைவிட்டே இரண்டு போல்ட்டையும் எட்டிவிடலாம்.

இனி அந்த ஜாக்கி. நண்பரே, வண்டியைத் தூக்காதீர்கள். பட்டை போட்ட வண்டியில் ஷாக் மாற்றச் சக்கரம் தரையை விட்டு எழும்பவே தேவையில்லை. தூக்காமல் செய்வதுதான் வேலைக்கும் நல்லது. சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும், ஷாக் இழுபட்டு விறைத்து நிற்கும், போல்ட் எளிதில் வராது. புதியதை அந்த நிலையில் முறுக்கி இறக்கினால், வண்டி தரையில் உட்காரும்போது ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு.

ஒன்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஒரு சித்திரை மாத மத்தியானம், தார்ச் சாலை ஓரத்தில் ஒரு லாரி. கிளீனர் அண்ணன் ஒருவர் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்திருந்தார். பாட்டில் ஜாக்கி நின்ற இடத்தில் வெயிலுக்குத் தார் இளகி, ஜாக்கி மெதுவாகக் குப்புறச் சாய்ந்தது. சத்தமே இல்லை. வண்டி இறங்கியது. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது: கழற்றிய டயரைச் சேஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். சேஸ் அந்த டயரில் போய் உட்கார்ந்தது. அவர் மூக்குக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சாண். வெளியே இழுத்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல என்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதைவிட மோசம், முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

கை எட்டாமல் போனாலும் ஜாக்கியைத் தேடாதீர்கள். தெரிந்த லாரி ஷெட்டில் பள்ளம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். அடியில் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம்.

வேலை நாளன்று

முந்தின நாள் இரவே போல்ட்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். காலை வெயில் ஏறும் முன், என்ஜின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். தரை சமமான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். வாசல் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். வேலை முடியும்வரை வண்டிக்குள் யாரும் ஏறக்கூடாது.

மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வெளியே. கழற்றும் முன் ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில் இருக்கிறது என்று அவன் படம் எடுக்கட்டும், ஸ்பேனர் கொடுக்கட்டும், போன் கையில் இருக்கட்டும். அப்பா செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிற படிப்பு எந்த வீடியோவிலும் வராது. அவன் ஆசையை நான் மதிக்கிறேன். அடியில் போகிற வேலை மட்டும் அவனுக்கு இப்போது வேண்டாம்.

போல்ட் அசையாவிட்டால் கேஸ் வைத்துச் சூடாக்காதீர்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது, சில ஷாக்கில் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் இருக்கிறது. வெடிக்கும். பக்கத்தில்தான் பிரேக் குழாயும் ஓடுகிறது. அரைமணி போராடியும் வரவில்லை என்றால் முன்பக்கத்தையும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். வண்டி நான்கு சக்கரத்தில்தானே நிற்கிறது, ஓட்டிக்கொண்டு போகலாம்.

புதிய ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். மாட்டும் முன், வண்டியில் நிற்கும் வாக்கிலேயே செங்குத்தாகப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்குங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் 'லொடக்' என்று ஒரு வெற்றிடம் தெரியும். ஐந்தாறு தடவைக்குள் அது மறைந்து, தேனில் கரண்டி விட்டது போல ஒரே சீராகப் போகும். அதன் பிறகு மாட்டுங்கள். கேஸ் நிரப்பிய வகை என்றால் கட்டியிருக்கும் பட்டியை அறுத்ததும் தானாக நீளும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நட்டு புதியது போடுங்கள். முறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள்.

முடித்ததும் வெறும் வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவந்து நட்டுகளை மறுபடி பாருங்கள். இரண்டு நாள் உள்ளூரில் ஓட்டிப் பார்த்த பிறகே ஆளேற்றி மலை. கழற்றிய ஷாக்கை அறுக்கவோ ஓட்டை போடவோ வேண்டாம், முழுதாகவே பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

உரிமையாளரே கழற்றி மாட்டினால் எஃப்.சி.யில் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறீர்கள். தேய்ந்த பாகத்தை அதே வகைப் பாகமாக மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் தடை இல்லை. அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது, வண்டியை ஆர்.சி. விவரத்துக்கு மாறாக மாற்றி அமைப்பதைத்தான். எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் உங்களுக்கு எஃப்.சி. வருடா வருடம். ஆய்வில் ஷாக் யார் மாற்றியது என்பதைவிட வண்டி சாய்ந்து நிற்பதுதான் கேள்வியாகும். இன்னொன்று: குறை இருப்பது தெரிந்தே வண்டியைச் சாலையில் ஓட்டுவது 190ஆம் பிரிவின்படி குற்றம். சாய்வு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி விபத்து நடந்தால் தெரியாது என்று சொல்ல இடமில்லை. வாங்கிய பில், மாற்றிய தேதி, படங்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், காப்பீட்டுக்காரர் கேட்டாலும் உதவும்.

நான்கு மாதத்தில் போன ஷாக் விஷயத்தில், "நான் வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுறவன், நுகர்வோர் கோர்ட் எனக்குக் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று மட்டும் பொருள் வாங்குபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நுகர்வோராகவே கொள்கிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே, லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. ஆனால் பில் இல்லாமல் அங்கேதான் வாங்கினீர்கள் என்று நிரூபிப்பது கடினம் என்பதையும் மறைக்க மாட்டேன். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள், அதை வைத்துக் கடைக்கு ஒரு பதிவுத் தபால் எழுதலாம். இந்தத் தடவை பில்லில் பாக எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் ஒர்க் ஷாப்பில் மாட்டினால்தானா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காசுக் கணக்கையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தை நீங்களே செய்தால் மிஞ்சுவது அந்த 4,700 ரூபாயில் பாதிகூட வராது. பட்டை வேலைக்குப் புதிதாக ஒரு செலவு வரும். மொத்தத்தில் நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். எனக்கும் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பட்டையை விட்டுவிட்டு ஷாக் மட்டும் மாற்றினால் அந்த 6,800 ரூபாயும் வீணாகும்.

வீட்டில் உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜாக்கி இல்லாமல், நான்கு சக்கரமும் தரையில் நிற்க, முன்பக்கம் மட்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். வரும் வெள்ளிக்கிழமைக் கொல்லிமலைச் சவாரியைத் தெரிந்த வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். இன்று மாலையே டேப்பை எடுத்து ஆக்சிலுக்கும் சேஸுக்கும் இடையிலான இரண்டு அளவு, சக்கரத்துக்குச் சக்கரம் இரண்டு அளவு, ஆக நான்கு எண்களை எழுதி எனக்கு அனுப்புங்கள். இடது பின் பட்டையைப் பக்கவாட்டில் இருந்து, வெளிச்சம் படும்படி, கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.